சோர்ந்துபோய் வந்த கரண்ட்

"இன்னும் மூணு மணி நேரத்துல என் லைசென்ஸை ரத்து பண்ணிடுவாங்க. அதுக்குள்ள அசல் ஆளைப் பிடிச்சுத் தர முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற கதவைத் தட்டுறேன்!"

எங்கள் கதவையே அவர் தட்டவில்லை. ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குள் நேராக வந்து, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் பச்சை வயர்ச் சுருள். டிபன் பாக்ஸைத் திறந்த அண்ணி அதை அப்படியே மூடினார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. அண்ணன் எங்கே போனார், எத்தனை மணிக்கு வந்தார், ஏன் பொய் சொன்னார் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே தொழில் கற்றவர். மூன்று வேலையில் நிலைக்காத என்னை, "இவனை நீயாவது மேய்ச்சுக்கோ" என்று அண்ணன் அவர் தலையில் கட்டிவிட்டார். இப்போது நான் முதன்மை உதவியாளர். இரண்டாவது உதவியாளர் யாரும் கிடையாது.

"உக்காருங்க" என்றார் அண்ணி. "நீங்கதானே எர்த்து மாஸ்டர்?"

"எப்படித் தெரியும்?"

"தோள்ல எர்த்துக்குப் போடுற பச்சை வயர். ஊர்ல பாதிப் பேர், எர்த் சரியில்லன்னு வேலையைப் பாதியில நிறுத்துற எலெக்ட்ரீஷியன் ஒருத்தர் இருக்காருன்னு திட்டுறாங்க. திட்டாத மீதிப் பேர் கரண்ட் அடிக்காம நல்லா இருக்காங்க. விஷயத்தைச் சொல்லுங்க."

மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"முந்தாநாள் காலையில பத்தரை வாக்குல லைன்மேன் ஒருத்தன் கம்பத்துல ஏறினான். டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறினான். தேஞ்சுபோன கம்பியை வெட்டிவிட்டு, புதுசு இணைக்கிற வேலை. மொதல்ல டெஸ்டர் வச்சுப் பாத்தான், கரண்ட் இல்ல. அப்புறம் கம்பியைத் தொட்டான், தூக்கி எறிஞ்சிருச்சு. உயிர் தப்பினது பெரிய விஷயம். வலது கை வெந்துபோச்சு."

"ஃபியூஸ் பையில இருக்கும்போது கரண்ட் எங்கேருந்து வந்துச்சு?" என்றேன். கரண்ட் என்ற சொல்லுக்கே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

"அதான் கேள்வி! வெட்டின கம்பிக்கு அந்தப் பக்கம் மூணே வீடு. அதுல ஒண்ணு தலைமையாசிரியை வீடு. அங்க சோலாரும் ஜெனரேட்டரும் மாட்டினது நான். மின்வாரிய என்ஜினியர் வந்தாரு, கூரையில தகட்டைப் பாத்தாரு, 'இந்த வீட்டுக் கரண்ட்தான் திரும்பித் தெருவுக்கு வந்திருக்கு'ன்னு முடிச்சுட்டாரு. இன்னிக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில அவன்கிட்ட வாக்குமூலம் வாங்கப்போறாங்க. லைசென்ஸ் புத்தகத்தை என்ஜினியர் அப்பவே வாங்கி வச்சுக்கிட்டாரு, இவன் கையெழுத்துப் போட்டான்னா லைசென்ஸே போச்சு. போலீஸ் கேஸும் வருமாம்." அவர் குரல் இறங்கியது. "அடிபட்டவன் வேற யாரோ இல்ல மேடம். ஒரே பெஞ்சுல தொழில் படிச்ச மச்சான். அவனை நான் கொல்லப் பாத்தேன்னு சொல்றாங்க."

அண்ணி கைப்பையை எடுத்தார். "மத்த ரெண்டு வீடு?"

"ஒண்ணு டெய்லர் வீடு. மூணாவது அந்த லைன்மேனோட வீடேதான். பாவம், அதை விடுங்க."

"எதையும் விடுற வழக்கம் இல்லை. கிளம்புங்க கொழுந்தனாரே."

என் மேல் பிரியம் என்றாலும், கோபம் என்றாலும், வேலை ஏவுவது என்றாலும் அவருக்கு நான் கொழுந்தனார்தான். எது எந்த ரகம் என்று குரலை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இது மூன்றாவது ரகம்.

தலைமையாசிரியை எங்களை வாசலிலேயே விசாரித்து, செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கச் சொல்லி, பிறகே உள்ளே விட்டார். பின்பக்கச் சுவரில் பெட்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மாஸ்டர் கையெழுத்தில் சீட்டு. நடுவில் பெரிய கைப்பிடியோடு ஒரு சுவிட்ச்.

"இதுதான் சேஞ்ச்ஓவர்" என்றார் மாஸ்டர். இங்கே வந்ததும் அவருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. "கைப்பிடி இந்தப் பக்கம் இருந்தா வீட்டுக்குத் தெருக் கரண்ட். அந்தப் பக்கம் இருந்தா ஜெனரேட்டர். நடுவுல இருந்தா ரெண்டும் இல்ல. ரெண்டையும் ஒண்ணாத் தொட இந்தக் கைப்பிடியால முடியவே முடியாது. அதனால ஜெனரேட்டர் கரண்ட் தெருவுக்குப் போக வழியே கிடையாது."

"எங்க அண்ணனால முடியும்" என்றேன். "அம்மா சொன்னாலும் தலையாட்டுவாரு, அண்ணி சொன்னாலும் தலையாட்டுவாரு, அதுவும் ஒரே நேரத்துல."

"மாஸ்டர், எங்க வீட்டுக்கு இது ஒண்ணு வேணும்" என்றார் அண்ணி. "சரி, சோலார்?"

"அந்த இன்வெர்ட்டருக்குத் தெருக் கரண்ட்தான் வழித்துணை. தெரு படுத்தா இதுவும் படுத்துடும். டீச்சர், மெயினைக் கொஞ்சம் இறக்குங்க."

தலைமையாசிரியை மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு அணைந்தது. வெளியே வெயில் கொளுத்தியும், சுவரில் இருந்த இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு ஒரு சிமிட்டலோடு செத்தது.

"ஜெனரேட்டர் ஓடியிருந்தா?" என்று நான் விடவில்லை.

"எங்க ஓடுறது?" தலைமையாசிரியை எரிந்துவிழுந்தார். "வாங்கி ரெண்டு வாரமாச்சு, ஷோ கேஸ் பொம்மை மாதிரி நிக்குது! எர்த் குழியோட ரீடிங் இவருக்குத் திருப்தி இல்லையாம். இன்னொரு குழி தோண்டி, கம்பி இறக்கி, மறுபடி அளந்து பாத்தாத்தான் டீசலே ஊத்துவாராம்."

அண்ணி டேங்க் மூடியைத் திறந்து மூக்கை நுழைத்தார். புது இரும்பு வாசனைதான். டீசல் ஒரு சொட்டுக்கூட அதைத் தொட்டதில்லை.

"இதையெல்லாம் என்ஜினியர் பாத்தாரா?"

"தெருவுல நின்னு கூரையைப் பாத்தாரு" என்றார் மாஸ்டர். "கழுத்து வலிச்சதும் போயிட்டாரு."

அடுத்தது டெய்லர் வீடு. ஆள் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசினார். அவர் பேசி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு முறை விக்கியது.

"முந்தாநாள் பத்தரைக்குக் கரண்ட் போச்சா? எப்போ வந்துச்சு?" என்றார் அண்ணி.

"எதைக் கேக்குறீங்க? சோர்ந்துபோய் வந்ததையா, நல்லா வந்ததையா?"

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கு வேர்த்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"சோர்ந்துபோய் வந்ததைச் சொல்லுங்க."

"பதினோரு மணி வாக்குல வந்துச்சு. டியூப் லைட் கண்ணைச் சிமிட்டுதே தவிர எரியல. ஃபேன் என்னமோ யோசிச்சு யோசிச்சுச் சுத்துது. மிஷினை மிதிச்சா மோட்டார் முனகுது. காலர் பாதியில கோணிக்கிச்சு, இதோ பாருங்க. ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் வெளியில 'ஐயோ'ன்னு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா லைன்மேன் கீழ கிடக்கான். திரும்பி வந்தா கரண்ட் இல்ல. நல்ல கரண்ட் வந்தப்ப மணி ஒண்ணு."

"பதினோரு மணிக்கு வந்திருக்கவே முடியாது!" மாஸ்டர் கத்தினார். "ஃபியூஸ் அவன் பையில!"

"என் காலர் கோணினது கண்ணு முன்னாடி இருக்கு. ஃபியூஸை நான் பாக்கல."

"இதை ஏங்க யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"யாரு கேட்டா? என்ஜினியர் வந்தாரு. 'சோலார் இருக்கா?'ன்னாரு. இல்லைன்னேன். போயிட்டாரு."

தெருவுக்கு வந்ததும் அண்ணி நிழல் பார்த்து நின்றார். "மின்வாரியம் குடுக்கல. டீச்சர் வீட்டு சோலார் தெருவோட படுத்துடும், ஜெனரேட்டர் டேங்க்கும் காலி. ஆனாலும் கரண்ட் வந்திருக்கு. அதுவும் மூச்சு வாங்கிக்கிட்டு. என்ன அர்த்தம் மாஸ்டர்?"

மாஸ்டர் முகம் வெளிறியது. "சின்ன ஜெனரேட்டர். ஒரு வீட்டுக்குன்னு வச்சது மூணு வீட்டை இழுத்திருக்கு. தாங்காம திணறியிருக்கு."

"அடேயப்பா, தெருவுக்கே ஓசியில கரண்ட் குடுத்த வள்ளல் யாரு?" என்று சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மீதி இருந்தது ஒரே ஒரு வீடு. அது எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது.

"வேண்டாம் மேடம்" என்றார் மாஸ்டர். "அவன் சம்சாரமே புருஷன் பிழைச்சதே போதும்னு கிடக்குறா."

"மணி ரெண்டே முக்கால். உங்க லைசென்ஸ் வேணுமா வேண்டாமா?"

மாஸ்டர் முன்னால் நடந்தார்.

லைன்மேன் வீட்டில் கதவைத் திறந்ததும் குளம் வாசனை. முன்னறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், எல்லாவற்றிலும் வண்ண மீன்கள், குமிழி விடும் குழாய்கள். லைன்மேனின் மனைவி அலங்கார மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஃபிளாஸ்க்கில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டரைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"வாங்கண்ணே. உங்களைத்தான் சொல்றாங்கன்னு கேள்விப்பட்டேன். சத்தியமா நான் நம்பல. நீங்க வேலை செஞ்சா அதுல தப்பு இருக்காதுன்னு அவரே சொல்லுவாரு."

"இருக்கட்டும் தங்கச்சி." மாஸ்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி தொட்டிகளைப் பார்த்தார். "முந்தாநாள் ரெண்டரை மணி நேரம் கரண்ட் இல்லையே. இந்த மோட்டாரெல்லாம் நின்னிருக்குமே. மீன் என்ன ஆச்சு?"

"நாலு செத்துப்போச்சு. எல்லாமே போயிருக்கும். மேல வந்து வாயைப் பிளக்க ஆரம்பிச்சிருச்சு. அப்புறம்தான் ஜெனரேட்டர் போட்டேன்."

பொய் சொல்லப்போகிறாள், மடக்கலாம் என்று நான் ஒரு கேள்வியைத் தீட்டி வைத்திருந்தேன். அது அப்படியே வாய்க்குள்ளேயே கிடந்தது.

"நீங்களே போட்டீங்களா?" அண்ணியின் குரல் மெதுவாகிவிட்டது.

"எப்பவும் அவர்தான் போடுவாரு. அன்னிக்கு வேலையில இருந்தாரு, நான் ஃபோன் பண்ணினேன். சொல்லிக் குடுத்தாரு, போட்டேன். ரெண்டு நிமிஷம்தான் ஓடுச்சு, திணறி அதுவே நின்னுபோச்சு. அதே நேரம் அந்தச் சத்தம் கேட்டுது, போட்டது போட்டபடி ஓடினேன்."

கொல்லைப்புறத்தில் சாக்குக்கு அடியில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. பக்கத்தில் சுருட்டிவைத்த வயர். எடுக்கப் போன என் கையில் மாஸ்டர் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"தொடாதே! ரெண்டு முனையையும் பாரு."

பார்த்தேன். இந்த முனையிலும் ஆண் பிளக், அந்த முனையிலும் ஆண் பிளக்.

"பொண்ணே இல்லாத கல்யாணமா இருக்கே" என்றார் அண்ணி.

"ஒரு முனை ஜெனரேட்டர்ல, இன்னொரு முனை வீட்டுச் சுவர்ல. வீட்டுக்குள்ள பின்வாசல் வழியா கரண்டைத் திணிக்கிற வேலை இது. ஓடும்போது ஒரு முனை கழண்டா, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பித்தளையில உயிரு இருக்கும். ஆளைத் தூக்கிடும். மெயின் ஆஃப்ல இல்லன்னா உள்ள போன கரண்ட் அப்படியே தெருவுக்கும் போகும்." மாஸ்டர் பல்லை நறநறவென்று கடித்தார். "இதைச் செஞ்சவன் தொழில் தெரியாதவன் இல்ல. தெரிஞ்சவன். அதான் வயிறு எரியுது."

"அதெல்லாம் அவர் சொன்னாருண்ணே!" என்றாள் அவள். "'மெயின் இறங்கியிருக்கான்னு பாத்துட்டுப் போடு'ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. பாத்துட்டுத்தான் போட்டேன். இறங்கித்தான் இருந்துச்சு. கரண்ட் போனா அதுவே இறங்கிடும் போலன்னு நெனச்சேன்."

எல்லாரும் முன்னறைக்குத் திரும்பினோம். கதவுக்குப் பக்கத்தில் மெயின் பெட்டி இருந்தது. அதன் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. தலைமையாசிரியை வீட்டில் மெயினை இறக்கியபோது வீடே அணைந்ததை நாங்கள் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். இங்கே மெயின் இறங்கியிருக்கிறது, எங்கள் தலைக்கு மேல் ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது, தொட்டிகளில் குமிழி வருகிறது.

"கொழுந்தனாரே, அந்தப் பெட்டியில ஏதோ எழுதியிருக்கு பாருங்க. என்னன்னு படிங்க."

கழுத்தைச் சாய்த்தேன். போதவில்லை. குனிந்து, தலையைக் கால்களுக்கு நடுவில் கொண்டுபோய்ப் படித்தேன். எழுத்து நேரானது.

"அண்ணி! பெட்டியைத் தலைகீழா மாட்டியிருக்காங்க! அப்போ இதுல இறங்கினா ஆன், ஏத்தினாத்தான் ஆஃப்! இவங்க இறங்கியிருக்குன்னு போட்ட கரண்ட்தான் நேரா கம்பத்துக்கு..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாய்க்காகத்தான் மூன்று வேலையும் போனது. அன்றைக்குப் போலப் பிறகு என்றைக்கும் அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

"நானா?" என்றாள். "நான் போட்டதா அவரை அடிச்சுது?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்கச் சொன்னதைப் பாத்தீங்க. மெயின்னா இறக்கினா ஆஃப்னு ஊர் முழுக்கப் பேசுற பேச்சு. அந்தப் பேச்சு இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பொருந்தாதுன்னு உங்ககிட்ட யாரும் சொல்லல."

"தெரிஞ்சா அவர் மனசு என்ன பாடுபடும்?"

"அதை அவர்கிட்டயே கேப்போம். அவர் இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடப்போறாரு. போட்டா இவர் பொழப்பு போகும். வர்றீங்களா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் மாஸ்டரை ஒரு முறை பார்த்தாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மாஸ்டரின் வேனில் ஏணிக்கும் வயருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு போனோம். அவள் ஃபிளாஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியம், வழியில் நான் வாயைத் திறக்கவே இல்லை.

வார்டில் என்ஜினியர் முந்திக்கொண்டிருந்தார். கட்டிலில் லைன்மேன், வலது கை தோள்வரை கட்டு. இடது கையில் பேனா. மடியில் தட்டச்சு செய்த காகிதம். பேனா முனை காகிதத்தைத் தொடும் நேரம்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அவன் மனைவி. "நம்ம வீட்டு மெயின் பெட்டியைத் தலைகீழா மாட்டினது யாரு?"

லைன்மேன் முகத்தில் ரத்தமே இல்லை. "உனக்கு யார் சொன்னது?"

யார் மாட்டியது என்று கேட்டால் 'நான்' என்றோ 'தெரியாது' என்றோ பதில் வரவேண்டும். 'உனக்கு யார் சொன்னது' என்று வந்தால், ஆளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம். அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எப்போ தெரியும்?" என்றார் அண்ணி.

"கீழ விழும்போதே." பேனாவைக் கீழே வைத்தான். "போன மாசம் சுவர் பூசினப்போ பெட்டியைக் கழட்டினேன். திரும்ப மாட்டும்போது கேபிள் எட்டல. தலைகீழா மாட்டினா எட்டுச்சு. ஒரு லீவு நாள் பாத்துத் திருப்பிக்கலாம்னு விட்டேன். அன்னிக்கு இவ ஃபோன் பண்ணினா. பழக்க தோஷத்துல 'இறங்கியிருக்கான்னு பாரு'ன்னு வாய்ல வந்துருச்சு. தொடுறதுக்கு முன்னாடி கம்பியைத் தரையோட இணைக்கிற எர்த் ராடு மாட்டியிருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காது. நம்ம தெருதானே, நம்ம வீடுதானேன்னு மாட்டல."

"என் தலையை உருட்டினாங்களே மச்சான்!" என்றார் மாஸ்டர். "நீ பாத்துக்கிட்டு இருந்தியே!"

"உன் லைசென்ஸ் போனா எப்படியாவது திரும்ப வாங்கிடலாம்னு நெனச்சேன்டா. என்னைக் கொல்லப் பாத்தது தான்தான்னு இவளுக்குத் தெரிஞ்சா, அந்த நெனப்பை எங்க கொண்டுபோய்த் தீக்குறது? தப்புத்தான். உன் மூஞ்சியப் பாக்க முடியல."

என்ஜினியர் தொண்டையைக் கனைத்தார். "இப்படி எழுதினா விசாரணை உன் மேல திரும்பும். வேலைக்கே ஆபத்து. யோசிச்சுக்கோ."

லைன்மேன் அந்தக் காகிதத்தைத் திருப்பினான். வெற்றுப் பக்கத்தில் இடது கையால் கோணல்மாணலாக எழுத ஆரம்பித்தான். என் வீட்டு ஜெனரேட்டர். என் வீட்டு மெயின் பெட்டியை நான் தலைகீழாக மாட்டியது. எர்த் ராடு மாட்டாதது என் தவறு. எலெக்ட்ரீஷியனுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

அவன் மனைவி தோளுக்கு மேலாகப் படித்தாள். "ஜெனரேட்டர் போட்டது யாருன்னு எழுதல."

"அது எதுக்கு இப்போ?"

"போட்டது நான். போடச் சொன்னது நீங்க. ரெண்டையும் எழுதுங்க. பாதியை மறைச்சீங்கன்னா, அந்தப் பாதியை நான் மட்டும் தனியாச் சுமக்கணும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ள வலது கை எழவில்லை, இடது கையில் பேனா. அவளே முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு இரண்டையும் எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

என்ஜினியர் படித்தார், மறுபடி படித்தார். பையிலிருந்து மாஸ்டரின் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து, அவர் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். மாஸ்டர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக லைன்மேனின் மனைவியிடம் போனார்.

"வீட்டுச் சாவியைக் குடு தங்கச்சி. பெட்டியை நேராத் திருப்பி, புது எர்த் குழி தோண்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அங்க யாரும் ஒரு சுவிட்சும் தொடக்கூடாது."

"மீனுக்குக் காத்து வேணுமேண்ணே."

"தெரியும். மோட்டாருக்குத் தனியா ஒரு லைன் இழுத்துட்டுத்தான் மெயின்லயே கை வைப்பேன்."

அவள் சாவியைக் கொடுத்தாள். லைன்மேன் கட்டிலிலிருந்து, "மச்சான்" என்று கூப்பிட்டான். மாஸ்டர் திரும்பவில்லை. வாசல்வரை போய், பிறகு திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உன் வீட்டு கேபிளை எந்தப் பக்கமா இழுத்திருக்கே? சொல்லித் தொலை, எழுதிக்கிறேன்."